நாத்தனார் முடிச்சு

தம்பி, ஃபிலிமா டிஜிட்டலா என்று நீ இப்போது கேட்கிறாய். நான் 2004-ல் அதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் வீம்பு பிடித்தேன். நிகான் டி70 அப்போதுதான் வந்திருந்தது. 6 மெகாபிக்சல். ‘இதில் நெகட்டிவின் அழகு வருமா?’ என்று ஸ்டுடியோவுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பேசித் தீர்த்தேன்.

வாயை அடைத்தது கலர் லேப் பையன். “அண்ணே, உங்க ரோலைக் கழுவி ஸ்கேன் பண்ணி, லேசர்லதான் பேப்பர்ல அடிக்கிறோம். மெஷின் மாத்தி நாளாச்சு.” என்லார்ஜர் வெளிச்சம் என் நெகட்டிவைத் தொட்டே பல காலம் ஆகியிருந்தது. இல்லாத ஒன்றுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்புறம் கணக்குப் போட்டேன். கல்யாணத்துக்குப் பத்து ரோல். ரோலுக்கு 36 படம், சாமர்த்தியமாகச் சுற்றினால் 37, 38. வாங்கவும் காசு, கழுவவும் காசு. கடன் வாங்கி டி70 வாங்கிவிட்டேன். என் ஃபிலிம் கேமரா எஃப்.எம்.2-வின் லென்ஸ்கள் அதில் மாட்டும், மீட்டர்தான் வேலை செய்யாது. சென்சார் சிறியது, 28 எம்.எம். லென்ஸ் 42 மாதிரி பார்க்கும். மண்டபத்தில் பின்னால் நகர்ந்தால் முதுகில் சுவர் இடிக்கும். நெகட்டிவ் ஒரு ஸ்டாப் ஓவர் ஆனாலும் தாங்கும். இதில் மாப்பிள்ளையின் வேட்டி வெளிறினால் மடிப்புகூடத் திரும்பி வராது. அதெல்லாம் நாலு கல்யாணத்தில் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் அந்த முதல் கல்யாணம்! மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் அழுத்தினேன். விழுந்திருக்கிறதா என்று குனிந்து திரையைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது நாத்தனார் மற்ற இரண்டு முடிச்சையும் போட்டுவிட்டு, கண்ணைத் துடைத்தபடி நகர்ந்திருந்தார். தம்பி கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வந்தவர். ஆல்பத்தைப் புரட்டிவிட்டு, “முடிச்சுப் போடுறப்ப என்னைக் காணோமே?” என்று மட்டும் கேட்டார். கேமரா மேல் பழி போட வாயெடுத்தேன், வரவில்லை.

ஃபிலிம் கேமராவில் குனிந்து பார்க்க எதுவும் இல்லை; கண் மணையிலேயே இருந்தது. அதை என் திறமை என்று இருபது வருஷம் நம்பியிருந்தேன்.

உனக்கு ஆசையாக இருந்தால் என் எஃப்.எம்.2-வை எடுத்துப் போ. பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். ஒரே ரோலை ஒரு மாசம் வைத்து எடுத்துப் பார். கல்யாண வேலைக்கு டிஜிட்டலே போதும். அடுத்தவர் வீட்டு முகூர்த்தத்தில் பரீட்சை வேண்டாம். எடுத்த படம் தானாகத் திரையில் வருவதை மட்டும் மெனுவில் நிறுத்திவிட்டு மேடையேறு. பார்க்கிறதை நாத்தனார் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.