மீண்டும் சிதம்பரம் – 2: குளத்தங்கரை வீடு

நாகப்பட்டினத்தில் கப்பலை விட்டு இறங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து காரைக்கால், சீர்காழி வழியாகப் பஸ். கொள்ளிடம் பாலம் தாண்டினால் கடலூர் மாவட்டம். 1981இல் நான் படிக்க வந்த வழி வேறு: தலைமன்னாரில் ‘இராமானுஜம்’ கப்பலேறி ராமேஸ்வரம், பிறகு ரயில். போர் வந்து அந்தக் கப்பல் நின்றது. காங்கேசன்துறைக்கும் நாகைக்கும் இடையே 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பலும் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. என்னோடு வந்தவர்களில் பலர் புடவை வாங்கப் போகும் வியாபாரிகள். மற்றவர்கள் திருநள்ளாறு, சிதம்பரம் என்று கோயில் பார்க்கப் போகிறவர்கள். படிக்கப் போகிற பிள்ளை ஒன்றையும் காணவில்லை.

இசை படிக்க ஆசைப்பட்ட யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஒரு காலத்தில் அண்ணாமலை நகரைவிட்டால் வேறு ஊர் ஞாபகத்துக்கு வராது. என் குருவின் வீட்டு வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் ‘சங்கீத பூஷணம்’ என்று இருக்கும். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம். 1929இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் நிறுவிய இந்த இடத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் எங்கள் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள். தனிநாயகம் அடிகள் தமிழ் படித்ததும் இங்கேதான். வந்து சேர்ந்த அன்றே மூத்த மாணவர்கள் இதையெல்லாம் நிற்கவைத்து ஒப்புவிக்கச் சொன்னார்கள். அதுதான் எங்களுக்கு நடந்த ராகிங்.

ரயில் பாதையைத் தாண்டிப் பல்கலைக்கழகப் பக்கம் முதலில் போனேன். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சுடப்பட்டு இறந்த மாணவர் ராஜேந்திரனின் சிலை அப்படியே நிற்கிறது. சாஸ்திரி ஹால், சி.பி. ராமசாமி ஐயர் நூலகம் எல்லாம் உண்டு. ஆனால் 2013இல் பணமுடை முற்றி அரசு பல்கலைக்கழகத்தை ஏற்றுக்கொண்டது. தேவைக்கு மேல் இருந்த ஊழியர்களை மாநிலம் முழுக்க மாற்றி அனுப்பினார்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி. ஏழை நோயாளிக்கும் ஏழை மாணவனுக்கும் அது நல்லதுதான். மாணவர்களுக்கு அறை விட்டும் சோறு போட்டும் பிழைத்த தெருக்களுக்கு எப்படி என்று யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அப்படியொரு தெருவில்தான் எங்கள் வீடு, ஞானப்பிரகாசர் குளத்துக்குப் பக்கத்தில். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத சிலோன் பையன்கள் சேர்ந்து மாடியை வாடகைக்குப் பிடித்திருந்தோம். அந்தக் குளமே யாழ்ப்பாணத்தான் வெட்டியது. பறங்கியர் ஆட்சியில் வீட்டுக்கு வீடு முறைவைத்துப் பசு கேட்டபோது, கொலைக்குப் பசுவைக் கொடுக்க மனமில்லாமல் இரவோடிரவாக ஊரைவிட்ட திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர், கடைசியில் சிதம்பரம் வந்து வெட்டுவித்தார் என்பது எங்கள் ஊர்க் கதை. (இது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, தாமிரபரணிக்காரர்கள் மன்னிக்க.) பின்னால் 1864இல் ஆறுமுக நாவலர் இதே ஊரில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். வீட்டுக்கார அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். வாடகை பிந்தினால், “குளம் வெட்டினது உங்க ஊர் ஆளுதான். அதுக்காக மாடிய சும்மா விட முடியாதுப்பா” என்பார்.

1983 ஆடிக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. கொழும்பு எரிந்த செய்தி வந்ததோடு எங்களுக்கு ஊரிலிருந்து காசு வருவது நின்றுபோனது. கடிதமும் இல்லை. யாருடைய வீடு இருக்கிறது, யார் கப்பலேறிப் போனார்கள் என்று தெரியாமல் மாடியில் கிடந்தோம். கீழ வீதி மெஸ்காரர் நோட்டில் எழுதிக்கொண்டு சோறு போட்டார். அம்மா காலையில் ஒரு பாத்திரம் நிறைய இட்லியும் கத்திரிக்காய் கொத்சுவும் படியில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போவார்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வீடு இருக்கிறது. அம்மாவும் இருக்கிறார், எண்பது எப்போதோ தாண்டிவிட்டது. மகள் என்னைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி, “சிலோன் மாடிப் பையன்” என்றார். அறுபது வயதுப் பையன்.

“வாய்ப்பாட்டா, வயலினா?”

“வாய்ப்பாட்டு, அம்மா.”

அப்படித்தான் எங்களைக் கூப்பிடுவார், பெயர் வாயில் நுழையாது. மருமகன் பல்கலைக்கழகத்தில் எழுத்தராக இருந்தவர். வெளிமாவட்டத்துக்கு மாற்றி அங்கேயே ஓய்வு பெற்றாராம். மாடியில் இப்போது ஆளில்லை, பழைய சாமான் கிடக்கிறது. வயலின் டொரண்டோவில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறான் என்று சொன்னேன்.

“மிருதங்கம்?”

“முள்ளிவாய்க்காலில், அம்மா. 2009.”

அந்தப் பெயரை அவர் டிவியில் கேட்டிருந்தார். “அந்தப் புள்ளைக்குத்தான் கொத்சு ரொம்பப் புடிக்கும்” என்றவர், மகளைப் பார்த்துக் காபி போடச் சொன்னார்.

கிளம்பும்போது பழைய வாடகை பாக்கியை எடுத்து நீட்டினேன். வேண்டாம் என்பார், வற்புறுத்த வேண்டியிருக்கும் என்று வசனங்களோடு வந்திருந்தேன். அவரோ, “ஆளுக்கு மாசம் நாப்பது ரூபா, அஞ்சு மாசம்” என்று விரல்விட்டு எண்ணி, மூன்று பேருக்கு அறுநூறு ரூபாயை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அப்புறம் முடிச்சை அவிழ்த்து இருநூறைத் திருப்பித் தந்தார். “மிருதங்கத்துக்கிட்ட நான் வாங்கறதில்ல.”

மறுநாள் பரங்கிப்பேட்டை போக நினைத்திருந்தேன், வெள்ளாற்று முகத்துவாரத்தில் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தைப் பார்க்க. வெயில் ஏறுவதற்குள் பஸ் பிடிக்கச் சொல்லி, மதியச் சாப்பாட்டுக்கு இங்கேயே திரும்பிவிட வேண்டும் என்று அம்மா உத்தரவு போட்டார். அந்தப் பயணம் அடுத்த வாரம்.