வன்தட்டில் பழுதில்லை

பத்திரிகையாளனிடம் பணம் சேர்வது அரிது. கடதாசியும் ஒலிநாடாக்களும் தாராளமாகச் சேரும். பல்லாண்டுகளாக நான் எடுத்த நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளையும் பத்திரிகை நறுக்குகளையும் கணினிக்கு மாற்றி, நான்கு வெளிவாரி வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன். லினக்ஸில் இயங்கும் மேர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள் அந்த நான்கையும் ஒரே பெருந்தட்டாகக் காட்டும். அப்பதிவுகளில் பேசியவர்களிற் பலர் இன்று உயிரோடில்லை.

அண்மையில் அக்கூட்டிலிருந்து தட்டுகள் மறையத் தொடங்கின. பெரிய கோப்புகளைப் பிரதி செய்கையில் ஒன்று காணாமற் போகும். கழற்றிச் சொருகினால் திரும்பிவரும். தட்டுகள் பழுதாகிவிட்டன, புதியவற்றை வாங்குங்கள் என்றார் கடைக்காரர்.

தொடர்பில்லாத நால்வருக்கு ஒரே துன்பம் நேர்ந்தால், நால்வருக்கும் பொதுவானது எது எனத் தேடுவது செய்தியாளன் வழக்கம். இங்கும் மறைந்தது ஒரே தட்டல்ல. இன்று ஒன்று, நாளை வேறொன்று. ஒவ்வொரு தட்டும் தன் உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவேட்டைப் பார்த்தேன். பழுதாகி மாற்றீடு செய்யப்பட்ட பகுதிகளைக் காட்டும் 5ஆம் இலக்கமும், வாசிக்க முடியாமல் நிலுவையிலுள்ள பகுதிகளைக் காட்டும் 197ஆம் இலக்கமும் நான்கிலும் பூச்சியம். இவை ஏறத் தொடங்கினால், திருத்த முனையுமுன் பிரதி எடுத்துவிட வேண்டும். வடங்களை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

எஞ்சியது, நான்கும் சொருகப்பட்டிருந்த யூ.எஸ்.பி. ஹப். அதற்குத் தனி மின்னிணைப்புக் கிடையாது. யூ.எஸ்.பி. 3.0 துறையொன்று வழங்கவேண்டிய மின்னோட்டம் 900 மில்லி அம்பியர். அந்த ஒரு துறையின் மின்சாரத்தை நான்கு சிறு தட்டுகளும் பங்கிட்டன. நான்கும் ஒருசேரச் சுழல்கையில் எதற்கேனும் பட்டினிதான். தனி மின்வழங்கியுள்ள ஹப் ஒன்றைப் பொருத்தினேன். அதன்பின் எத்தட்டும் மறையவில்லை.

ஆயினும் கூட்டுச் சேமிப்பு மறுபிரதி ஆகாது. மேர்ஜர்எஃப்எஸ் ஒவ்வொரு கோப்பையும் முழுதாக ஒரே தட்டில் வைப்பதால், ஒன்று இறந்தாலும் மற்றவை தப்பும். இறந்ததில் இருந்தவை போனவைதான். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. மறுபிரதியில்லாத ஏடுகளும் அவற்றோடு சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே பிரதி என்பதன் விலையை நாம் அறிவோம்.

ஆகவே ஐந்தாவதாகப் பெரிய தட்டொன்றில் அனைத்தையும் பிரதி செய்து தங்கையின் வீட்டில் வைத்திருக்கிறேன். மாதமொருமுறை அதைப் புதுப்பிக்கச் செல்லும்போது நல்ல தேநீரும் கிடைக்கிறது.