மூடியின் உட்புறத்து எழுத்து

2001ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்து, மடுகரைக் கணிப்பொறிக் கூடத்தின் கதவை மீண்டும் திறந்த அந்தக் காலைப்பொழுதை நாம் மறக்கவில்லை. சர்வர் எனப்படும் தலைமைக் கணிப்பொறியின் பொத்தானை அழுத்தினோம். விசிறி சுழன்றது, விளக்கு எரிந்தது. ஆயினும் அமைப்பு விவரம் அழிந்துவிட்டது என்ற பொருள்பட ஓர் ஆங்கில வரி மட்டும் திரையில் தோன்றி நின்றது. அதனுள்ளே பல மகளிர் குழுக்களின் ஈராண்டுச் சேமிப்புக் கணக்கு இருந்தது. கணிப்பொறியில் ஏற்றத் தொடங்கிய பின் பேரேட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். நிறுத்தச் சொன்னவர் நாமே.

அந்நாட்களில் இப்பகுதியில் கணிப்பொறி ஆர்வம் பெருகியிருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாகக் கொண்டு கிராமத் தகவல் நிலையங்களைத் தொடங்கியிருந்தது. எம்பலம் போன்ற ஊர்களுக்கு வானொலி அலை வழியாகவே செய்திகள் சென்றன. வீராம்பட்டினத்து மீனவர்கள் கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் கேட்டறிந்தனர். அதைக் கண்ட ஊக்கத்தில், நகரத்து அலுவலகம் ஒன்று கழித்துக் கொடுத்த பழைய சர்வரை நாமும் வாங்கி வைத்தோம்.

அதன் மூடியைக் கழற்றினால் தாய்ப்பலகையில் ஸ்லாட்டுகள் வரிசையாகத் தெரியும். வட்டுக்கு ஒரு கார்டு, பிற கணிப்பொறிகளோடு இணைக்க ஒரு கார்டு, தொலைபேசித் தொடர்புக்கு மோடம் கார்டு என வேண்டியவற்றைச் செருகிக்கொள்ளலாம். செருகுவது எளிது, அவை தமக்குள் மோதாமல் ஒரே கூரையின்கீழ் வாழவைப்பதே அரிது. வேலை வந்ததும் மையச் செயலியை அழைக்க ஒவ்வொரு கார்டுக்கும் ஓர் அழைப்பு மணி வேண்டும். ஐ.பி.எம். நிறுவனம் 1984இல் வெளியிட்ட ஏ.டி. கணிப்பொறியின் முறைப்படி அந்த மணிகள் 16. கடிகாரம், விசைப்பலகை, அச்சுப்பொறி முதலியவை தமக்குரியதை எடுத்துக்கொண்டது போக, புதிதாய் வருவோர்க்கு எஞ்சுபவை ஐந்தாறே. இரு கார்டுகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டால், ஒரே கதவிலக்கமுள்ள இரு வீடுகளுக்கு நடுவே நிற்கும் தபால்காரரின் நிலைதான் செயலிக்கும். ஆகவே கார்டின் மேலுள்ள ஜம்பர் என்னும் சிறு செருகியை இடம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனி எண் தரவேண்டும்.

இத்தொல்லையைக் குறைக்கவே 1988இல் காம்பாக் தலைமையில் ஒன்பது நிறுவனங்கள் ஈ.ஐ.எஸ்.ஏ. என்னும் முறையை அறிவித்தன. ஃபிளாப்பி வட்டிலுள்ள நிரலை இயக்கி, எந்த ஸ்லாட்டில் எந்தக் கார்டு, அதற்கு எந்த எண் எனத் தெரிவித்தால் போதும். இயந்திரம் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். நம் சர்வர் அவ்வகையைச் சேர்ந்தது. அந்த நினைவு ஒரு சிறு மின்கலத்தை நம்பியே உயிர்வாழ்கிறது என்பதை நாம் அறிந்திருக்கவில்லை.

அறிந்திருந்தவர் ஒருவர். நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த இளைஞர். சர்வரை நிறுவித் தந்தவர். ஒவ்வொரு கார்டையும் செருகிய பின் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் நாம் பொறுமை இழந்தோம். “இயந்திரமே நினைவில் வைத்துக்கொள்கிறதே, தம்பி! எழுதி எழுதி ஏன் நேரத்தைப் போக்குகிறாய்?” என்று கடிந்தோம். அவர் மறுமொழி கூறவில்லை. சில மாதங்களில் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டார்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயரையேனும் நினைவை நம்பி எழுதாது விட்டதில்லை நாம். அத்தகைய நாமே இப்படிச் சொன்னோம்.

செய்தி ஊருக்குள் பரவியது. மாலைக்குள் குழுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டனர். கரும்பு வெட்டியும் களை பறித்தும் சேர்த்த பணம். “சாமி, எங்க கணக்கெல்லாம் பொட்டிக்குள்ளயே போயிடுச்சா?” என்று கேட்டார் முதியவர் ஒருவர். நம்மிடம் விடை இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு விரைந்து, சென்னை எண்ணைச் சுழற்றினோம்.

“மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்க, சாமி. தாள் ஒட்டியிருக்கேன்.”

“ஏன்பா இதை முன்னமே சொல்லல?”

சற்று நேரம் மௌனம். “நீங்க வேணாம்னு சொன்னீங்க, சாமி.”

தாள் இருந்தது. நீல மையில் சிறு எழுத்துகள். முதல் ஸ்லாட்டில் வட்டுக் கார்டு, எண் 11. மூன்றாவதில் வலைக் கார்டு, எண் 10. ஐந்தாவதில் மோடம், எண் 5. ஜம்பர் இருக்கவேண்டிய நிலை சிறு படமாக வரையப்பட்டிருந்தது. ‘எண் 9 யாருக்கும் தரவில்லை’ என்றொரு குறிப்பு. கடைசி வரியில், ‘ஃபிளாப்பி இரண்டு பிரதிகள்: பீரோ, மேல்தட்டு.’ மறுநாள் புதுச்சேரியிலிருந்து மின்கலம் வாங்கிவந்து, தாளில் உள்ளபடியே ஒவ்வொன்றையும் பதிவுசெய்தோம். பிற்பகலில் சர்வர் எழுந்தது. வட்டில் கணக்கு ஒரு காசும் குறையாமல் இருந்தது. அதை அடையும் வழியை மட்டுமே இயந்திரம் மறந்திருந்தது.

அன்று மாலை அவருக்கு மீண்டும் தொலைபேசி, கடிந்ததற்கு மன்னிப்புக் கேட்டோம். “அதெல்லாம் விடுங்க சாமி. பேட்டரி மாத்தின தேதியையும் அதிலேயே எழுதிடுங்க” என்றார்.

காலம் மாறிவிட்டது. இன்டெல் நிறுவனம் 1992இல் அறிமுகப்படுத்திய பி.சி.ஐ. முறையில் கார்டுகள் தம் தேவையைத் தாமே சொல்லும்; இயந்திரமே எண்களைப் பங்கிட்டுத் தரும். ஜம்பரைக் கண்டறியாத தலைமுறை வந்துவிட்டது. எனினும் அண்மையில் பள்ளி ஒன்றில், துடைத்துச் சுத்தம் செய்தவர் வலைக் கார்டை வேறு ஸ்லாட்டில் செருகிவிட, சர்வர் இயங்கியும் வலையமைப்பு இயங்கவில்லை. இன்றைய லினக்ஸ் சர்வர்கள் பலவற்றில் கார்டின் பெயரே அது இருக்கும் இடத்தைக் கொண்டு அமைகிறது. இடம் மாறினால் பெயரும் மாறும். எந்த ஸ்லாட்டில் இருந்தது என்று கேட்டோம். எவருக்கும் நினைவில்லை.

அன்று அப்பள்ளியின் சர்வர் மூடியின் உட்புறத்தில் நாமே ஒரு தாளை எழுதி ஒட்டினோம். முதல் வரியில் தேதியைக் குறித்தோம். வெளியே வந்ததும் தலைமையாசிரியரிடம், தாள் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லிவைத்தோம்.