எத்தனை டம்ளர்?

கார் நிக்கோபார் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையில் அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டருக்கு,

அன்றைக்கு இருந்த பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன். அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன். யாராவது படித்து உங்களிடம் சொல்லட்டும்.

மகளின் பேறுகாலத்துக்காகத் திருநெல்வேலியிலிருந்து, தீவுக்குள் நுழையப் பாஸ் வாங்கிக் கப்பலேறி வந்தவள் நான். பிள்ளை பிறந்த பன்னிரண்டாம் நாள் தலைவலி என்றாள். தூக்கமில்லை, கடல் காற்று வேறு என்று சொல்லிச் சுக்குப் பற்றுப் போட்டேன். மறுநாள் வாந்தி. அதற்கு மறுநாள் இரவு வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு துவண்டு விழுந்தது. இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பக்கவாதம் என்று யாருக்குத் தோன்றும்? ஜன்னி கண்டிருக்கும் என்று புலம்பியபடிதான் அவளை வண்டியில் ஏற்றினேன்.

நீங்கள் அவளுடைய வறண்ட உதட்டைப் பார்த்தீர்கள். என் பக்கம் திரும்பி, "பானி கித்னா?" என்றீர்கள். எத்தனை டம்ளர் தண்ணீர் குடித்தாள் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கு இந்தி தெரியும். பதிலும் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை. பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளிவிடும் என்று நாளுக்கு இரண்டு டம்ளரோடு நிறுத்தியிருந்தேன். பக்கத்து வீட்டு நிக்கோபாரி அம்மா தினமும் இளநீர் கொண்டுவந்து வைத்தார். குளிர்ச்சி என்று மகளுக்குக் கொடுக்காமல் அதையும் நானே குடித்தேன்.

நீங்கள் என்னைத் திட்டவில்லை. வெறும் ஜன்னி என்று விட்டுவிடாமல் டாக்டரை எழுப்பினீர்கள். சலைன் ஏறியது, வலிப்புக்கு ஊசி போட்டார்கள். விடிந்ததும் ஹெலிகாப்டரில் போர்ட் பிளேர் போனோம். மூளையின் சிரையில் ரத்தக்கட்டு என்று ஸ்கேன் சொன்னது.

முப்பது வருஷம் அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். தமனியைச் சிவப்புச் சாக்பீஸிலும் சிரையை நீலத்திலும் வரைந்து காட்டியவள். பக்கவாதம் என்றால் சிவப்புக் கோட்டில் அடைப்பு என்றே நினைத்திருந்தேன். நீலக் கோடும் அடைபடுமாம். உள்ளே போன ரத்தம் வெளியேற வழியின்றித் தேங்க, மூளை வீங்குகிறது. சில சமயம் ரத்தம் கசியவும் செய்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கால் தாய் சாகாமலிருக்க, இயற்கையே ரத்தத்தை எளிதில் உறைய வைக்கிறது. சில வாரங்களுக்கு அந்தக் காவல் நீடிக்கும். அப்போது உடம்பு வறண்டால் காவலே வினையாகிவிடும்.

தண்ணீர்க் குறைவு மட்டுமே காரணமில்லை என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். பரம்பரையாக எளிதில் உறையும் ரத்தம், கழுத்துத் தமனியின் உட்சுவரில் கிழிசல், இதயத்தில் மூடாத துளை என்று இளவயதுப் பக்கவாதம் நுழைய எத்தனையோ வாசல்கள் உண்டு என்றார். என்றாலும் நான் திறந்துவிட்ட வாசல் எது என்று எனக்குத் தெரியும்.

உங்களோடு சேர்த்து, முகம் தெரியாத இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். கர்ப்பத்திலும் பேறுகாலத்திலும் மூளை நாளங்களில் ரத்தம் கட்டிய 135 பேரைப் பற்றி நரம்பியல் மருத்துவர் கே. சீனிவாசன் 1983இல் எழுதினார். அந்தப் பெண்களில் எத்தனை பேருக்கு என்னைப் போல் ஒரு அம்மா வாய்த்திருந்தாளோ! மூளையில் கசிவு இருந்தாலும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின் ஊசியைப் போடலாம் என்ற துணிவை மருத்துவர்களுக்குத் தந்தது, ஜெர்மனியில் 20 நோயாளிகளை வைத்து நடந்து 1991இல் வெளியான ஓர் ஆய்வு. அந்த ஊசிதான் என் மகளுக்கும் போடப்பட்டது.

இப்போது அவள் வலது கையாலேயே பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறாள். சட்டைப் பித்தான் போட மட்டும் கொஞ்சம் நேரமாகிறது.

எங்கள் தெருவில் யார் பிள்ளை பெற்றாலும் இரண்டு இளநீரோடு போய்விடுகிறேன். குழந்தையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், உங்கள் கேள்வியைத் தமிழில் கேட்கிறேன்.

இப்படிக்கு,
திருநெல்வேலியிலிருந்து ஒரு ஆச்சி