பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு

புறக்கோட்டையைப் பற்றி எழுதப் புகுவோர் வெங்காயத்தின் விலையை எழுதுவர். நாட்டாமைமாரின் முதுகுச் சுமையை எழுதுவர். இரண்டாம் குறுக்குத் தெருவிலே செவ்வெள்ளைக் கோடுகளுடன் நிமிர்ந்து நிற்கும் பள்ளிவாசலைக் கண்டு வியப்பர். அங்கே நான்காம் குறுக்குத் தெருவின் மொத்த வியாபாரக் கடையொன்றிலே, சனிக்கிழமைதோறும் கணக்குப் புத்தகம் மூடப்பட்ட பின்னர், பல்லாண்டுகளாகத் தீராத வழக்கொன்று நடைபெற்று வருகின்றது என்பதை எவரும் எழுதியதாக நான் அறியேன். வழக்கின் பொருள் இதுதான்: நம் நாட்டிலே வெளிவந்த துள்ளிசைத் தட்டுகளுள் தலைசிறந்தது எது?

வழக்காடுவோர் மூவர். ஒருவர் அக்கடையிலே கணக்கெழுதும் என் பெரியப்பா. எழுபதைக் கடந்தவர். மற்றவர் அயற்கடை முதலாளி. மொறட்டுவையிலிருந்து நாள்தோறும் புகையிரதத்தில் வந்துபோகும் சிங்களவர். புறக்கோட்டை வியாபாரம் கற்றுக்கொடுத்த தமிழை அச்சமின்றிப் பேசுபவர். மூன்றாமவர் தேநீர்க்கடை நானா. பல்கலைக்கழகத்திலே கலைப்பீட மாணவனாகிய நான் விடுதிச் செலவுக்குப் பணம் வாங்கச் சென்ற இடத்தில் இவ்வழக்கின் பார்வையாளனானேன். இப்போது பணம் தேவைப்படாத வாரங்களிலும் போகின்றேன்.

இன்றைய வாசகர் பொருட்டுச் சில செய்திகளைச் சொல்லவேண்டும். 1505ஆம் ஆண்டு இக்கரையை அடைந்த போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவற்றுள் பாணும் அலுமாரியும் போலப் பைலாவும் ஒன்று. ஆடு என்று பொருள்படும் அவர்தம் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. அவர்களுடன் வந்த ஆபிரிக்கரின் கபிறிஞ்ஞாத் தாளமும் அதனுடன் கலந்தது. மட்டக்களப்புப் பறங்கியர் அதனை இன்றளவும் மறந்தாரல்லர். 1940களிலே பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் அதனைச் சிங்களப் பாட்டாக்கினார். அறுபதுகளின் பிற்பகுதியில் மின்கிற்றார் ஏந்திய இளைஞர் குழுக்கள் தோன்றின. கிளரன்ஸ் விஜேவர்தனவின் மூன்ஸ்டோன்ஸ் அவற்றுள் ஒன்று. மொறட்டுவையிலே அன்ரன் பெரேரா தம் மைந்தரைக் கொண்டு தொடங்கிய ஜிப்சீஸ் மற்றொன்று. இங்கிலாந்திலே ஃபெயார்போர்ட் கொன்வென்ஷன் என்னும் குழுவினர் 1969இல் பழைய கதைப்பாடல்களை மின்கிற்றாரோடு இணைத்து ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, நாட்டார் ரொக் என்னும் வகைக்கு வழிகாட்டினர் என்பர். அவர்களை நம்மவர் கேட்டிருந்தார்களோ இல்லையோ, ஏறக்குறைய அதே காலத்தில் நம் கரையிலும் அதற்கு ஒப்பானதொரு காரியம் நடந்துகொண்டிருந்தது.

தமிழிலும் நடந்தது. யாழ்ப்பாணத்தவரான நித்தி கனகரத்தினம் அம்பாறை ஹாடி நிறுவனத்தில் விவசாயம் பயின்றவர். கிற்றாரும் கையுமாக அவர் பாடிய ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ ஆகியன ஊர்ச் சந்திகளிலும் கலியாண வீடுகளிலும் ஒலித்தன. பின்னர் பொப்பிசைச் சக்கரவர்த்தி என விளம்பரப்படுத்தப்பட்ட ஏ. ஈ. மனோகரன் வந்தார். தட்டுகள் பெரும்பாலும் சிறியவை. நிமிடத்துக்கு 45 தடவை சுழல்பவை. பக்கத்துக்கு இரண்டாக நான்கு பாடல்கள் கொண்டவை. ஆதலால், சிறந்த தட்டு எது என்னும் கேள்வி சிறந்த பாடல் எது என்னும் கேள்வி அன்று. நான்கும் நன்றாக இருக்கவேண்டும். நான்கும் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கத் தகுந்தனவாயும் இருக்கவேண்டும். ஊசியைத் தூக்கிவைக்கும் சிரமம் வேண்டாதவாறு அமைந்த தட்டே தட்டு என்பது பெரியப்பாவின் இலக்கணம். அவ்விலக்கணத்துக்கு நானறிய இதுவரை மறுப்பில்லை.

பெரியப்பா நித்தியின் கட்சி. “மனோகர் பாட்டுக்காரன்தான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா நித்தி பாடினா எங்கட முத்தத்திலை ஒருத்தன் நிண்டு கதைக்கிற மாதிரி இருக்கும்” என்பார். நானா மனோகரின் கட்சி. “அப்ப சுராங்கனிய எங்க கொண்டு வைக்கிறீங்க? இந்தியாக்காரன் படத்துக்கே எடுத்தானே!” என்று கேட்பார். கேள்வி நியாயமானதே. கடலிலிருந்து மீன் கொண்டுவந்து ஒருத்தியை அழைக்கும் அந்தச் சிறு பாட்டு 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில், மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாட, தமிழகமெங்கும் பரவியது. மனோகரும் தமிழகம் சென்றார், திரைப்படங்களில் நடித்தார், சிலோன் மனோகர் என்னும் பெயரோடு அங்கேயே வாழ்ந்து, 2018 ஜனவரியில் சென்னையிலே காலமானார். ஒரு தமிழனுக்குப் புகழ் தேடித்தந்த பாட்டு சிங்களப் பாட்டாக அமைந்ததே என்று பெரியப்பா குறைபட்டுக்கொள்வதுண்டு. அவ்வேளைகளில் முதலாளி எழுந்து, தெருவிலே நிற்கும் பாரவண்டியைப் பார்ப்பவர்போல வாசலுக்குப் போய்விடுவார். இருவரும் நல்ல மனிதர். ஆதலால் இக்குறை ஆண்டுக்கு இரண்டொரு தடவைக்குமேல் வெளிவருவதில்லை.

என் பக்கத்துக் கருத்தையும் சொல்லிவிடுகின்றேன். குரல்வளத்தை அளவுகோலாகக் கொண்டால் மனோகரே வெல்வார். சபையைத் தன்பால் இழுக்கும் ஆற்றலிலும் அவருக்கு நிகர் அவரே. எனினும் தமிழை ஒரு பாடமாகக் கற்பவன் என்ற வகையில் என் வாக்கு நித்திக்கே. அறுபதுகளின் தொடக்கத்தில் நம் எழுத்துலகில் இழிசனர் வழக்கு பற்றி எத்துணைப் பெரிய போர் நடந்தது என்பதை இவ்விதழின் வாசகர் அறிவர். பேச்சுவழக்கு இலக்கியமேறலாமா, ஏறலாகாதா என்று பண்டிதரும் முற்போக்காளரும் வாள் வீசினர். அப்புழுதி அடங்குமுன்பே, எவரிடமும் அனுமதி கோராமல், யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழ் கிற்றாரின் முதுகிலேறி இசைத்தட்டிலே இறங்கிவிட்டது. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனையிலே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என மட்டக்களப்புக் கூத்தைப் புதுக்கி மேடையேற்றிய காலத்தை அடுத்துவந்தது இது. கூத்துக்குப் பாடத்திட்டத்தில் இடம் உண்டு, அது தகும். துள்ளிசைக்கு அடிக்குறிப்பிலும் இடமில்லை. நாட்டார் வழக்காற்றியல் வகுப்பொன்றிலே இதனை ஒப்படைப் பொருளாக எடுக்கலாமா என்று நான் வினவியபோது, “அதிலே ஆராய என்ன இருக்கிறது, தம்பி?” என்று புன்னகையோடு மறுமொழி வந்தது. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்திமதி கூறும் பாட்டைக் கள்ளுக்கடையிலேயே மேசையில் தட்டிப் பாடினார்களே, புத்திமதிப் பாட்டுக்கு இவ்வாறான கதி வேறெந்த நாட்டிலாவது வாய்த்ததுண்டா? ஆராய அதுவொன்றே போதுமென்று நான் நினைத்தேன், சொல்லவில்லை.

முதலாளியின் கட்சி ஜிப்சீஸ். ஆனால் அவர் வழக்காடும் முறையே வேறு. பெரியப்பாவும் நானாவும் ‘யார்’ என்று சண்டையிடுவர். முதலாளியோ ‘எந்தக் காலம்’ என்று தம்மோடு தாமே சண்டையிடுவார். தொடக்கக் காலத்துப் பாடல்களில் இருந்த எளிமை பின்னர் போய்விட்டது என்பார், உடனே, ‘குருமிட்டோ’வை விட்டுவிட்டு எவ்வாறு பேசுவது என்று தம்மையே மறுப்பார், ‘லுணு தெஹி’ இல்லாமல் ஒரு விருந்து உண்டா என்பார், அரசியல்வாதிகளை வெளிப்படையாகவே நையாண்டி செய்த ‘ஐ டோன்ட் நோ வை’க்கு வந்ததும் எழுந்து நின்று ஒரு கையை ஆட்டத் தொடங்குவார். இறப்பர் முத்திரை குத்தும் பையனும் அப்போது வேலையை நிறுத்திவிடுவான். சுனில் பெரேரா 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி காலமானபோது முதலாளி கடையை அரைநாள் பூட்டினார். இப்போது தம்பி பியல் குழுவை நடத்துகிறார். சுனில் இல்லாத ஜிப்சீஸ் அதே ஜிப்சீஸ்தானா என்று நானா ஒருநாள் சீண்டினார். முதலாளி விடைதேடித் திகைத்து நிற்கையில், பெரியப்பாதான் அவருக்குத் துணையாக வந்தார். “எங்கட கோயில் தேருக்குச் சில்லும் மாத்தியாச்சு, அச்சும் மாத்தியாச்சு. வடத்தைப் பிடிக்கிறவை பழைய தேர் எண்டுதானே இழுக்கினம்?” என்றார். முதலாளிக்கு அது முழுதும் விளங்கியதோ தெரியாது. தேநீருக்கு அவரே பணம் கொடுத்தார்.

சென்ற ஆண்டு நடந்த வாதமொன்று மாத்திரம் நகைச்சுவையாக முடியவில்லை. முதலாளி வெற்றிக் களிப்பிலே, “நம்ம ஜிப்சீஸ் பாருங்க ஐயா, அம்பது வருஷத்துக்கு மேல. உங்க ஆக்கள் பத்து வருஷத்தில நிப்பாட்டினது தானே” என்று கூறிவிட்டார். அதில் வன்மம் எதுவும் இல்லை. பெரியப்பா பேனாவின் மூடியைப் பொருத்திச் சட்டைப்பையில் வைத்த பின்னர் சொன்னார்: “உங்கட ஆக்களை ஒருத்தரும் நிப்பாட்டேல்லை, முதலாளி.”

பெரியப்பாவின் தட்டுகள் இன்று அவரிடம் இல்லை. வெள்ளவத்தையிலே வாடகைக்கிருந்த அறையில் ஒரு றேடியோகிராமும் அதன்கீழ்த் தட்டிலே அறுபதுக்கு மேற்பட்ட இசைத்தட்டுகளும் இருந்தன. மூன்ஸ்டோன்ஸ், ஜிப்சீஸ் தட்டுகளும் அவற்றுள் அடக்கம். 1983 ஜூலையில் வீட்டோடு அவையும் எரிந்தன. அகதிகளோடு கப்பலேறிக் காங்கேசன்துறைக்குச் சென்றவர், பிழைப்புக்காகச் சில ஆண்டுகளின் பின் மீண்டும் இத்தெருவுக்கே வந்தார். எரிந்தவை எவையென்று அவர் புலம்பக் கேட்டதில்லை. ஆனால் கைத்தொலைபேசியிலே அப்பாடல்களை நான் ஒலிக்கவிட்டால், குறிப்பிட்ட ஓரிடம் வருகையில் அவருடைய விரல் மேசையிலிருந்து எழுந்துவிடுகின்றது. அவருடைய தட்டிலே அவ்விடத்தில் ஒரு கீறல் இருந்ததாம், ஊசி துள்ளுமாம். இணையத்துப் பாட்டு கீறலின்றி ஓடிவிடுவது அவருக்கு ஏதோ ஒரு சொல்லை விழுங்கிப் பாடுவதுபோலத் தோன்றுகின்றது. பிற்காலத்தில் மீள ஒலிப்பதிவு செய்யப்பட்டவற்றையோ அவர் ஏற்பதேயில்லை.

ஜிப்சீஸ் குழுவின் இரசிகருக்கு முதற்காலம், இடைக்காலம், பிற்காலம் என மூன்று உண்டு. நல்ல தொகுப்பும் உண்டு. சோர்ந்த தொகுப்பும் உண்டு. தந்தையின் காலம், மூத்த மகனின் காலம், இளையவரின் காலம் என்று பிரித்து இரவிரவாகப் பேசலாம். இசைத்தட்டிலிருந்து கசற்றுக்கும் கசற்றிலிருந்து இறுவட்டுக்கும் அவர்களோடு கூடவே நடந்துவரலாம். எம் துள்ளிசைக்கோ முதற்காலம் ஒன்றே. எழுபதுகளின் முற்பகுதியில் இந்தியத் திரைப்படங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு உள்ளூர்க் கலைக்கு ஓரளவு வெளியைத் தந்தது. இலங்கை வானொலி அவ்வெளியை நிரப்பியது. 1977இன் பின் அவ்வேலி விழுந்தது. ஆறே ஆண்டுகளில் வேலிக்குள் நின்றவர்களும் சிதறினர். நித்தி அவுஸ்திரேலியா சென்றார். கேட்டவர்கள் இலண்டன், ரொறன்ரோ, பாரிஸ் எனப் போயினர். முதுமையடைந்து, சலித்து, மோசமான தட்டொன்றை வெளியிட்டு, இரசிகரிடம் வசைவாங்கி, மீண்டும் எழும் வாய்ப்பு அவ்விசைக்குக் கிட்டவேயில்லை. முதலாளி தம் குழுவின் பிற்காலத் தொகுப்புகளைத் திட்டும்போது பெரியப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதிலே தெரிவது பொறாமைதான்.

கலைப்பீட நண்பர் சிலரிடம் இதனைக் கூறியபோது, “பைலாவுக்கா இவ்வளவு துயரம்?” என்று சிரித்தனர். அவர்கள் கேட்கும் இசையின் தரத்தைப் பற்றி நான் ஈண்டு எதுவும் எழுதப் போவதில்லை.

அண்மைக் காலமாக வழக்கு புதியதொரு திசையிலே செல்கின்றது. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகமொன்றின் பின்புறத்திலே பெரியப்பா ஒரு பட்டியல் எழுதத் தொடங்கியுள்ளார்: தட்டு, பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு, உறையின் நிறம், வாங்கிய இடம். முதலாம் குறுக்குத் தெருவிலே வானொலிப் பெட்டி விற்ற கடைகளிற் சில அந்த ஐந்தாம் நிரலில் அடிக்கடி வருகின்றன. அக்கடைகளுக்குரிய கதவிலக்கங்களில் இப்போது கைத்தொலைபேசி உறைகளும் மின்விளக்குகளும் விற்கிறார்கள். பட்டியலின் பதினோராவது தட்டிலே வேலை நின்றுவிட்டது. அதன் இரண்டாம் பக்கத்திலே முதலில் வருவது எந்தப் பாடல் என்பதில் பெரியப்பாவுக்கும் நானாவுக்கும் கருத்து வேறுபாடு. உறை மஞ்சள் என்பதில் மட்டும் இருவருக்கும் உடன்பாடு. முதலாளி தம் வீட்டுப் பரணில் ஏறித் தேடினார். அத்தட்டு அங்கே இல்லை. பதிலாகத் தம்மிடமிருந்த ஜிப்சீஸ் தட்டொன்றை, “இத வச்சிக்கிங்க ஐயா, உங்ககிட்டயும் இருந்தது தானே” என்று கூறிப் பெரியப்பாவின் மேசையிலே வைத்துவிட்டுப் போனார். போட்டுக் கேட்கக் கருவி இல்லை. எனினும் அது கணக்குப் புத்தகங்களோடு அலுமாரியில் இருக்கின்றது.

இறுதியாக, ரொறன்ரோவிலுள்ள பழைய அறைத்தோழருக்குப் பெரியப்பா கடிதம் எழுதினார். மின்னஞ்சலில் அவருக்கு நம்பிக்கையில்லை. மூன்று வாரங்களின் பின் பதில் வந்தது. இரண்டு பக்கக் கடிதம். முழங்கால் வலி, பனி, பேரப்பிள்ளைகள் எல்லாவற்றையும் எழுதி, ஈற்றிலே தட்டுக்கு வந்திருந்தார். பெரியப்பா சொல்லும் பாடலும் அன்றாம். நானா சொல்லும் பாடலும் அன்றாம். அது வேறொரு பாடலாம். உறையும் மஞ்சள் இல்லையாம், பச்சையாம்.