மூச்சை முன்னாலேயே இழுத்தவன்

எனக்கு இப்போது 76 வயது. வானொலி நாடகத்தில் நடிக்கப் போன முதல் நாள் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது. அது குரலுக்காக வாங்கிய திட்டு அல்ல. பேசாமல் நின்றேனே, அந்த நிற்புக்காக.

சென்னை வானொலி 1938-இலும் திருச்சி வானொலி 1939-இலும் தொடங்கின. குரல் தேர்வில் தேறி நான் ஒரு நிலையத்துக்குள் நுழைந்தபோது, தமிழ் வானொலி நாடகத்துக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. எனக்கோ இருபத்துநாலு. மேடையில் கைதட்டல் வாங்கியவன் என்ற மிதப்பு வேறு.

ஸ்டூடியோ நடுவே ரிப்பன் மைக். அதற்கு முன்னும் பின்னும்தான் காது, பக்கவாட்டில் செவிடு. அதனால் இருவர் எதிரெதிரே நின்று பேசலாம். வெளியிலிருந்து வருகிறவன் பக்கவாட்டில் நின்று பேசத் தொடங்கி, மெல்ல மைக்குக்கு நேரே வந்தால் போதும். கேட்பவருக்கு அவன் திண்ணையேறி வீட்டுக்குள் வந்துவிடுவான். ஸ்கிரிப்ட் தாள்களைப் பின் அடிக்க மாட்டோம். படித்து முடித்த தாளைச் சத்தமில்லாமல் கம்பளத்தில் நழுவவிட வேண்டும். காட்சி முடியும்போது காலடியில் வெள்ளையாக ஒரு குவியல் கிடக்கும்.

அன்று நான் மகன். அம்மாவாக நடித்தவர் நாடகக் கம்பெனிகளில் பழுத்தவர். நிலத்தை விற்காதே என்று அவர் நீளமாகப் பேசினார். அந்த நேரத்தை நான் வீணாக்கவில்லை. என் அடுத்த வசனத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கன்ட்ரோல் ரூமிலிருந்து தயாரிப்பாளரின் குரல் வந்தது: “தம்பி, அம்மா பேசினது உங்க காதுல விழுந்துதா?”

“விழுந்துது சார்.”

“விழலை. அவங்க முடிக்கிறதுக்கு முன்னாலேயே மூச்சை இழுத்து வெச்சுட்டீங்க. இங்கே கேக்குது.”

கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்கு என் மூச்சு தெரிந்துவிட்டதே என்று கூசிப்போனேன். மேடையில் முகத்தை வைத்து ஏமாற்றலாம். இங்கே அது நடக்காது.

என்னைவிட நன்றாகக் கேட்டவர் ஒலி விளைவு பார்த்தவர். செலஃபேன் தாளைக் கசக்கினால் தீ எரியும், ஜல்லித் தட்டில் நடந்தால் தெரு வந்துவிடும். ஒரே ஒரு தாழ்ப்பாள் சத்தத்துக்காகக் காட்சி முழுக்க இமைக்காமல் காத்திருப்பார். வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்றை பிபிசி 1924-இல் ஒலிபரப்பியது. விளக்கணைந்துபோன நிலக்கரிச் சுரங்கத்தில் நடக்கிற கதை அது. கண்ணுக்கு வேலையே இல்லாத இடமாகப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள்!

பிறகு ஒருமுறை கிராமத்துக்கே போய்க் கிணற்றடிக் காட்சி பதிவு செய்தோம். ஸ்டூடியோவில் மேல்மூச்சு வாங்குவதை நடித்துக் காட்டிய நான், அங்கே நிஜமாகவே படியேறினேன். வசனம் பாதியில் தானே அறுந்தது. அந்த டேக்கைத்தான் வைத்துக்கொண்டார்கள். காற்று, காகம், டவுன் பஸ் ஹாரன் என்று பாதிப் பகல் போய்விட்டது, அது வேறு கதை.

எல்லாம் முடிந்து மூட்டை கட்டும்போது பொறியாளர், “ரெண்டு நிமிஷம் யாரும் அசையாதீங்க” என்றார். யாரும் பேசாத அந்த இடத்தைத் தனியாகப் பதிவு செய்தார். டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டும்போது, வசனங்களுக்கு நடுவே வெற்று டேப்பைச் செருகினால் பள்ளத்தில் கால் வைத்ததுபோல் இருக்குமாம். கிணற்றடி மௌனத்துக்குக் கிணற்றடியில் எடுத்த மௌனம்தான் பொருந்தும். அந்த இரண்டு நிமிடத்தில் தூரத்து பம்புசெட், பனையோலை உரசல், யாரோ பிள்ளையைக் கூப்பிடுவது எல்லாம் கேட்டன. காலையிலிருந்து அங்கேதான் நின்றிருந்தேன். ஒன்றுமே காதில் ஏறியிருக்கவில்லை.

தொழிலில் இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று. வீட்டில் முப்பது வருஷம். “நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள பதிலோட நிக்கிறீங்க” என்று என் மனைவி சொன்னபோதெல்லாம், அதற்கும் ஒரு பதிலை வைத்துக்கொண்டு நின்றவன் நான்.

நாங்கள் நடித்த டேப்புகளில் பல இன்று இல்லை. டேப் விலை அதிகம். பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிவார்கள். வருத்தம்தான், ஆனால் அழுது புலம்பும் அளவுக்கு நான் ஒன்றும் நடித்துவிடவில்லை.

புனேயிலிருந்து மகள் இரவு எட்டு மணிக்கு போன் செய்வாள். ஆபீஸ், மாமியார், வாடகை வீட்டுத் தண்ணீர்ப் பிரச்சினை என்று கொட்டித் தீர்ப்பாள். நடுவில் திடீரென்று நிறுத்தி, “அப்பா, லைன்ல இருக்கீங்களா?” என்பாள்.

“இருக்கேம்மா. சொல்லு.”