சகித்துக்கொள்ளப்பட்ட குரல்

சோசலிச ஹங்கேரியின் பண்பாட்டுக் கொள்கையை ஆதரித்தல், சகித்தல், தடைசெய்தல் என மூன்று சொற்களில் சுருக்குவது வழக்கம். ஹங்கேரிய மொழியில் மூன்றும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் 'மூன்று டி' என்ற பெயர் நிலைத்தது. கியோர்கி ஆட்செலின் பெயரோடு பிணைந்த இக்கொள்கையில் ஆய்வாளர் கவனம் பெரும்பாலும் தடையின் மீதே குவிகிறது. சகிப்பே கூர்மையான கருவியாக இருந்தது என்பதற்கு நாஜ் ஃபெரோவின் வாழ்க்கை நல்ல சான்று.

1946இல் லெடெனியே என்னும் சிற்றூரில் பிறந்தவர் அவர். பெண்கள் மட்டுமே கொண்ட குழுவாகத் தொடங்கிய 'பெயட்ரிச்சே' அவரது குரலுக்குப் பெயர் பெற்றதும், 1978 அளவில் முரட்டு ராக்குக்குத் திரும்பியதும் பின்னர் நிகழ்ந்தவை. தொழிலாளர் குடியிருப்புகளின் இளைஞர்கள் வெண்புள்ளியிட்ட சிவப்புக் கழுத்துத்துணியுடன் திரண்டனர். எட்டு மணி நேர வேலை என்னும் தொழிலாளர் இயக்க முழக்கத்தையே ஃபெரோ ராக் பாடலாக்கினார். ஆட்சி தன் சுவரில் எழுதிவைத்த வாசகத்தைப் பாடுபவனை எந்தக் குற்றத்தின்பேரில் தண்டிப்பது?

தண்டிக்கத் தேவையும் எழவில்லை. இசைத்தட்டு வெளியிடும் உரிமை அரசு நிறுவனம் ஒன்றிடமே இருந்தது. அங்கே வெகுசன இசையைப் பொறுத்தவரை பீட்டர் எர்டேஷின் சொல்லே முடிவு. அரங்கம் நிறையலாம், ஆனால் இசைத்தட்டு வராது. 1980இல் ஹோபோ புளூஸ் பேண்ட், பி. மோபில் ஆகியவற்றுடன் 'கறுப்பு ஆடுகள்' கச்சேரியில் பாடிய குழு, 1981இல் கலைந்தபோது ஒரு முழு இசைத்தொகுப்பும் அதன் பெயரில் இல்லை. மேடையில் கோழிக்குஞ்சுகளை அரைக்கிறார்கள் என்ற வதந்திக்கு மட்டும் நாடெங்கும் தாராளமான புழக்கம் கிடைத்தது. எழுத்தில் ஆணை இல்லாத இத்தகைய ஒதுக்கலை ஆவணக் காப்பகத்தில் தேடுபவர் எதைத் தேடுவது? ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பதிந்து கைமாற்றிய ஒலிநாடாக்களே மிச்சம்.

'தேசத்தின் கரப்பான்பூச்சி' என்ற பட்டத்தை அவர் பெருமையோடு சுமந்தார். எதனாலும் ஒழிக்க முடியாத உயிர் என்ற பொருளில் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். 1980களின் இறுதியில் குழு மீண்டும் கூடியது. தாமதமான இசைத்தட்டுகளும் வந்தன. 2010இல் 'எக்ஸ்-ஃபாக்டர்' தொலைக்காட்சிப் போட்டியின் நடுவர் இருக்கையில் அமர்ந்தார். ஃபிடெஸ் கட்சிக்கான ஆதரவையும் மறைக்கவில்லை. பழைய ரசிகர் பலருக்கு இது துரோகம். அவர் எதிர்த்தது அதிகாரத்தையா, அந்தக் குறிப்பிட்ட ஆட்சியையா என்ற கேள்வியை 1979இல் எவரும் கேட்டிருக்கவில்லை. அன்று இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.